வேண்டாம்காரர் சொன்ன சரி

அவருக்கு அந்தப் பெயர் வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் வேலை. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய கார்களைச் சுற்றிப் பார்த்து, அவற்றின் நிலைமையைப் படிவத்தில் எழுதித் தருவது அவர் பொறுப்பு. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் குச்சி முனையில் கட்டிய கண்ணாடி, சட்டைப் பையில் சின்னதாக ஒரு காந்தம். காந்தத்தைக் கதவின் மேல் வைப்பார். ஒட்டிக்கொண்டால் தகரம். வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள்.

ஒரு தடவை மேலதிகாரிக்கு வேண்டப்பட்டவரின் வண்டி வந்தது. "அடிப்பாகம் நன்று" என்று எழுதும்படி சொல்லியனுப்பினார்கள். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "அடிப்பாகம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரவேண்டிய பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி யாராவது கேட்டால், "இல்லாததை எப்படி நன்றுன்னு எழுதறது?" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் ஜனங்கள் கார்களை ஃபோனிலேயே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தன் கொட்டகையில் கிடக்கும் ஐம்பது வருஷத்து வண்டியைத் துடைத்து, நாற்பது படம் எடுத்துப் போடுவார். இந்தப் பக்கம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார். அப்படிப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு இவரிடம் வந்தார்கள். இவர் படங்களைத் தன் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் பார்ப்பார். பத்தில் ஒன்பதுக்குப் பதில் ஒரே சொல்தான். "வேண்டாம்." கேட்டவர் முகம் சுருங்கும். பத்து நாள் கழித்து, வேறொருவர் அதே காரை வாங்கித் தலையில் கை வைத்துக்கொண்ட கதை காதில் விழுந்ததும், இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

வேண்டாம்காரர் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. மனைவிக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். "என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேட்டப்ப மட்டும் எப்படியோ வாய் தவறிச் சரின்னுட்டாரு," என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பதினோரு வயது. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். "கட்டில், பீரோ, தம்பி, மூணும் ஒரே வண்டியில வந்து இறங்குச்சு. கட்டிலும் பீரோவும் அப்பவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இவன் ஒருத்தன்தான் தேறினான்," என்று அவர் சொல்லிச் சிரிப்பார். படிப்பு ஏறவில்லை. முடிதிருத்தும் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த தெருவில் இரண்டு நாற்காலி போட்டுச் சொந்தமாகக் கடை வைத்தான். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அங்கேதான் படுக்கை. இரண்டு மூன்று இடத்தில் பெண் பேசினார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயிற்று. அப்புறம் பேச்சும் நின்றுபோயிற்று.

அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கடைக்கு வந்த யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு காரின் படம் இருந்தது. கடல்நீல உடம்பு, வெள்ளைக் கூரை, இரண்டே கதவு, நீளமான பானெட். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினான். முடி வெட்டிக்கொள்ள உட்காருகிறவர்கள் தங்கள் முகத்தோடு சேர்த்து அந்தக் காரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் முப்பது வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தான். ஓட்ட வண்டி கிடையாது. ஆனால் காலாவதியாகும் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று தவறாமல் புதுப்பித்தான். "பிரம்மச்சாரி தொட்டில் வாங்கி வச்ச மாதிரி," என்று அக்கா கிண்டல் செய்வாள்.

கடை விடுமுறை நாள் மதியம், ஃபோனைக் கையில் பிடித்தபடி படியேறி வருவான். இரண்டாவது மாடி. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில்தான் கம்ப்யூட்டர்.

"அத்தான், இதப் பாருங்க. ரெண்டு கைதான் மாறியிருக்காம்."

"யாரு சொன்னது?"

"விக்கிறவர்தான்."

"பின்ன, பத்து கை மாறுச்சுன்னா எழுதுவான்?" அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவார். "வண்டி மேல தண்ணி தெளிச்சுப் படம் எடுத்திருக்கான் பாரு. ஈரத்துல கழுதை கூடப் பளபளக்கும். கதவுல எதிர்ல இருக்கற கம்பத்தோட நிழல் தெரியுதா? நேரா நிக்கிற கம்பம் இதுல நெளியுது. உள்ள பட்டி. சரி, மொத்தம் எத்தனை படம்?"

"நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டு எடுத்தவன், கால் வைக்கிற இடத்துல மிதியடியைத் தூக்கி ஒண்ணு எடுக்கலையே, ஏன் மாப்ள?"

"வேண்டாமா?"

"வேண்டாம்."

"சரி அத்தான்."

முகத்தில் ஏமாற்றம் துளியும் இருக்காது. அக்கா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, ஊர் வம்பு நாலு பேசிவிட்டு இறங்கிப் போவான். இப்படி ஒன்பது வருஷத்தில் பதினைந்து கார். சில சமயம் அவனே முந்திக்கொள்வான். "இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும் அத்தான். பெடல் ரப்பர் புதுசு, சீட்டு கிழிஞ்சிருக்கு, ரொம்ப ஓடின வண்டி. கலர் நல்லா இருந்துச்சு, அதான் காட்டலாம்னு வந்தேன்."

"வாங்கறதுக்கா வர்றான்?" என்பாள் அக்கா. "வேண்டாம்னு ஒரு வார்த்தை கேட்டாத்தான் அவனுக்கு டீ இறங்கும்."

அவனுடைய ஐம்பத்தி நான்காவது வயதில் வயிற்று வலி வந்தது. சோடாவைக் குடித்துக் கொஞ்ச நாள் ஓட்டினான். பிறகு முதுகுக்கு இறங்கியது. நாற்காலியில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பானாம். பிறகு கத்திரி ஓடுமாம். பெல்ட்டில் புதுத் துளை போட்டான். அதற்கும் உள்ளே இன்னொன்று போட்ட அன்றுதான் அக்கா பார்த்தாள். பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எல்லாச் சோதனையும் முடிந்த பின், டாக்டர் அக்காவையும் அத்தானையும் மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டார். சுவர் ஓரமாக யாரோ சக்கர நாற்காலி ஒன்றை மடக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். 

"கணையத்துல. கல்லீரலுக்கும் போயிடுச்சு. அறுவை சிகிச்சை பண்ற கட்டம் தாண்டிடுச்சும்மா."

"எவ்வளவு நாள்?" என்று அவர் கேட்டார்.

"ஆறு மாசம். கூடக் குறைய இருக்கலாம். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"யாரும் சொல்ல வேண்டாம்," என்றாள் மனைவி. அவர் வாயில் வரும் சொல் அன்று அவள் வாயில் வந்தது. "குடல்ல புண்ணுன்னு சொல்லிடுங்க டாக்டர். அவன் பயந்தவன். தெரிஞ்சா அன்னைக்கே பாதி செத்துடுவான்."

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவியிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தார். "ஐம்பத்தி நாலு வயசு ஆளு. அவன் உடம்பு, அவன் உயிரு. உள்ளதைச் சொல்லிடறது நல்லதில்லையா?"

"இது காரு இல்லீங்க," என்றாள் அவள். அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கழுவியிருந்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். "எங்கம்மா போனப்ப அவன் எட்டு நாள் பேசலை. எனக்குத்தான் தெரியும். என் கண்ணு முன்னால இன்னொரு தடவை அந்த முகத்தைப் பாக்க என்னால ஆகாது."



மச்சினனைக் கடையின் பின்னறையிலிருந்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். முன்னறையில், ஜன்னலோரமாகக் கட்டில். மாத்திரைப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை மனைவி நகத்தால் சுரண்டி எடுத்தாள். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லி அனுப்பினாள். கடையில் கூட வேலை பார்த்தவர் வந்து, "அல்சர்தானே? எங்க சித்தப்பாவுக்குக் கூட வந்துச்சு, இப்ப கல்லைத் தின்னாலும் செரிக்குது," என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, செருப்பைக் கூட மாட்டாமல் இறங்கிப் போனார். மச்சினன் சிரித்துக்கொண்டே, "எந்தச் சித்தப்பான்னு கேக்கறதுக்குள்ள போயிட்டாரே," என்றான்.

அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. டாக்டரிடம் போகும்போது மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அத்தானின் முகத்தைப் பார்ப்பான். அவர் காகிதங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொள்வார்.

இரண்டாவது மாத முடிவில் அவன் படுத்தபடியே ஒரு காரைக் கண்டுபிடித்தான். ஃபோனை அத்தானிடம் நீட்டினான். கடல்நீல உடம்பு, வெள்ளைக் கூரை, இரண்டே கதவு.

"அப்படியே அதுதான் அத்தான். ஒரே கப்பல்ல வந்துடுமாம். பாத்துச் சொல்லுங்க."

அவர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். முதல் படத்திலேயே தெரிந்துபோயிற்று. ஆனாலும் வழக்கப்படி எல்லாவற்றையும் பார்த்தார். நனைந்த உடம்பு. இடது கதவின் இடுக்கு மேலே விரல் அகலம், கீழே நூல் அகலம். எங்கேயோ பலமாக இடித்து, இழுத்து நிமிர்த்திய வண்டி. அடிப்பாகத்துக்குப் பிசுபிசுவென்று புதுக் கறுப்பு அடித்திருந்தார்கள். துருவுக்குப் போர்த்திய போர்வை. சேஸிஸ் எண் தகடு பழையது, அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகள் புத்தம் புதுசு; வேறு வண்டியிலிருந்து பெயர்த்து அடித்த தகடு. எஞ்சின் ஓடும் வீடியோவில் வண்டியை முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தது, முதல் முடுக்கிலேயே அது கிளம்பியதில் தெரிந்தது. மிதியடியைத் தூக்கி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று எழுதிக் கேட்டார். விற்பவரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் முடிவு சொல்லவும்." படம் வரவில்லை.

இத்தனை வருஷத்தில் மோசமான கார்கள் எத்தனையோ பார்த்திருக்கிறார். எல்லா மோசமும் ஒரே காரில் சேர்ந்து பார்த்ததில்லை.

சமையலறையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சரின்னு சொல்லுங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

"அது காரே இல்லை. மேல பெயிண்ட், உள்ள ஓட்டை."

"தெரியும். சரின்னு சொல்லுங்க."

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா என்னை?"

"ஆமா." அவள் அவர் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "ஒன்பது வருஷமா நல்ல காரு வரட்டும், நல்ல காரு வரட்டும்னு இருந்தாச்சு. இனிமே எத்தனை காரை அவன் பாக்கப் போறான்? அவன் காசுதானே, போனாப் போகட்டும். யாருக்குச் சேத்து வைக்கணும் அவன்? ஒரே ஒரு தடவை. எனக்காக."

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். பிறகு முன்னறைக்குப் போனார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"வாங்கலாம் மாப்ள," என்றார்.

மச்சினன் தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"நல்லாப் பாத்தீங்களா அத்தான்?"

"பாத்தேன்."

"அடியில புதுசாக் கறுப்பு அடிச்சிருக்கே?"

"அது... கப்பல்ல உப்புக் காத்து படுமில்ல. பாதுகாப்புக்கு அடிச்சிருப்பாங்க."

"நம்பர் தகட்டுல ஆணி புதுசு மாதிரி இருக்கு."

"அம்பது வருஷத்து வண்டி. ஆணி மாத்தறது சகஜம்தான்."

அவன் அவரையே பார்த்தான். கண் குழிந்து, கன்னத்து எலும்பு துருத்திய முகம். அந்தப் பார்வையை அவரால் நெடுநாள் மறக்க முடியவில்லை. பிறகு அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு, "சரி அத்தான். அப்ப வாங்கிடலாம்," என்றான்.

சமையலறைக் கதவோரம் நின்ற அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போக வேண்டும் என்றான். ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனார்கள். கூட வேலை பார்த்தவரிடம் கடைச் சாவியைக் கொடுத்து, "இனிமே நீங்களே பாத்துக்கோங்க அண்ணே. நாற்காலி, கத்திரி எல்லாம் உங்களுக்கு," என்றான். பின்னறையில் இருந்த துணிகளைப் பிரித்துக் கொடுத்தான். "கார் வந்துட்டா எனக்கு எங்க கடைக்கு வர நேரம்?" என்று அக்காவிடம் சொன்னான். அவள் அதை நம்பி, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். "பாத்தீங்களா, ஒரு வார்த்தை என்ன பண்ணுதுன்னு," என்று கணவரிடம் சொன்னாள். அவருக்கு அது சந்தோஷமாகப் படவில்லை. ஆனால் என்னவென்றும் பிடிபடவில்லை.

ஏழு வாரம் கழித்துக் கார் துறைமுகத்தில் இறங்கியது. பழைய இடத்தில் இப்போது வேறு ஆட்கள். படிவம் எழுதிய இளைஞர் இவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். "சார், இது நீங்க பாத்து வாங்கினதா?" என்று கேட்டார். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமே என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "ஆமா," என்றார் வேண்டாம்காரர். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

லாரியில் ஏற்றி, தெரிந்த மெக்கானிக்கின் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தார். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. வெளியே வந்தவரின் தலையெல்லாம் துருத் தூள்.

"ஸ்க்ரூடிரைவர் ரொட்டியில இறங்கற மாதிரி இறங்குது சார். சேஸிஸ் ரெண்டு இடத்துல விட்டிருக்கு. ரோட்டுல எடுத்தீங்கன்னா முதல் பள்ளத்துலயே ரெண்டா மடிஞ்சுடும். நீங்களா இதை..."

"நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் அவர். "அவன் முன்னால எதுவும் பேசாதே. இந்த வளாகத்துக்குள்ள நடக்கற வேகத்துல ஒரு சுத்து சுத்தினாத் தாங்குமா?"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சேஸிஸோட கட்டையைச் சேத்துக் கட்டி முட்டுக் குடுக்கிறேன். ஒரு சுத்து தாங்கும்," என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனார்கள். மச்சினன் சலவைச் சட்டை போட்டிருந்தான். அதற்குள் இன்னும் ஓர் ஆள் நுழையலாம்போல அது தொளதொளவென்று தொங்கியது. உரிமத்தை ஞாபகமாகப் பையில் வைத்திருந்தான். காரைப் பார்த்ததும் கிட்டே போகவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தான். பிறகு மெல்ல நடந்து போய், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே கதவு வரைக்கும் தடவிக்கொண்டே வந்தான். வாடிக்கையாளர் தலையைப் பின்னாலிருந்து சீவிவிட்டு, வெட்டு ஒரே மட்டமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பானே, அந்தக் கை.

அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அத்தான் பக்கத்தில். அக்கா பின்னால். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வளாகத்தை நடக்கும் வேகத்தில் ஒரு சுற்று. டயர் அடுக்கைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பாதி பிரித்துப் போட்ட வேன் ஒன்றைத் தாண்டித் திரும்பினான். அக்கா பின்னாலிருந்து, "நல்லா ஓட்டறியேடா! நல்லா ஓட்டறியே!" என்று கைதட்டினாள். மெக்கானிக் கொட்டகை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு, சக்கரத்தையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வர்றியா?"

அத்தான் எழுந்து வழிவிட்டு மறுபடியும் உட்கார, அவள் இறங்கிப் போனாள். அவன் எஞ்சினை அணைத்தான். இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரு அத்தான்?"

அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ள உளர்றே. குடல் புண்ணுக்கு..."

"அத்தான்." அவன் குரலில் கோபம் இல்லை. "இந்தப் படத்தையெல்லாம் உங்களுக்குக் காட்டறதுக்கு முன்னால நான் பாக்கலையா? தண்ணி தெளிச்சது, கதவு இடுக்கு, ஆணி, எல்லாம் பாத்தேன். வேண்டாம்னு சொல்லப் போறீங்க, அதைக் கேட்டுட்டுப் படுக்கலாம்னுதான் குடுத்தேன். நீங்க சரின்னீங்க."

அவர் முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னால சந்தேகம்தான். ஆள் ஆளுக்கு ஒரு சித்தப்பா கதை சொல்றாங்க, அக்கா மாத்திரைப் பெட்டியைச் சுரண்டி வைக்கிறா. ஆனா அத்தான் இருக்காரே, ஏதாவதுன்னா அவரு உள்ளதைச் சொல்லிடுவாருன்னு தைரியமா இருந்தேன். தினம் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்." அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நேராவே சொல்லியிருக்கலாம் அத்தான். தாங்கியிருப்பேன்."

"தப்புத்தான்," என்றார் அவர்.  "ஆறு மாசம்னாங்க. நாலு ஆயிடுச்சு."

அவன் தலையை ஆட்டினான், கடையில் யாரோ அளவு சொல்லக் கேட்டுக்கொள்கிறவன் மாதிரி.

"தெரிஞ்சும் எதுக்கு வாங்கினே?"

"அக்காதான் உங்களைச் சரின்னு சொல்லச் சொல்லியிருப்பா. வேண்டாம்னா அவ முகம் என்னாகும்? அப்புறம்..." லேசாகச் சிரித்தான். "கலர் நல்லா இருந்துச்சு."

தண்ணீர் பாட்டிலோடு அக்கா தூரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் அத்தான். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். மறைச்சுட்டோம்னு நிம்மதியா இருக்கா. அப்படியே இருக்கட்டும். உங்களைத்தான் நம்பறேன்."

அக்கா ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டி, "அத்தானும் மச்சானும் என்ன ரகசியம்?" என்றாள்.

"பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்னு கேக்கறான்," என்றார் அவர்.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள். கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில். அந்த ஒரு வாரமும் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தார்கள். அக்கா தம்பிக்குத் தெரியாமல் நடைவழியில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "உடம்பு தேறினதும் லாங் டிரைவ் போகணும்டா," என்பாள். அவன், "முதல்ல நல்ல மேப் ஒண்ணு வாங்கணும்க்கா," என்பான். இரண்டு பேருக்கும் நடுவில், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருப்பார். அக்கா இல்லாத சமயத்தில் அத்தானும் மச்சினனும் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவன் ஒரே ஒரு தடவை அவர் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். நர்ஸ் வரும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தான்.

விடிந்து ஏழு மணி சுமாருக்குப் போனான். அக்கா தலைமாட்டில் இருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். "கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமயே போயிட்டான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." கேட்டவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் தலையை ஆட்டுவார். முதல் நாள் ஆட்டியது கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் போனபின் யார் வந்தாலும் தலை தானாகவே ஆடியது.

கார் மெக்கானிக்கின் கொட்டகையிலேயே கிடந்தது. முட்டுக் கொடுத்த கட்டைகளுக்கு மேல், தார்பாய் போர்த்தி. இடம் வேண்டும் என்று மெக்கானிக் சொல்லவில்லை. ஆனால் எட்டாவது மாதம், "மழைக்கு முன்னால ஏதாவது பண்ணிட்டா நல்லது சார்," என்றார். விற்க மனைவி முதலில் ஒப்பவில்லை. பிறகு ஒருநாள் அவளே, "அவன் உக்காந்த வண்டி மண்ணாப் போறதைப் பாக்க முடியலை. யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள்.

விளம்பரத்தை அவரே எழுதினார். காய்ந்த வண்டியைப் படம் எடுத்தார். மிதியடியைத் தூக்கி, ஓட்டை வழியாகத் தரை தெரிவதை எடுத்தார். இடித்த கதவு, மாற்றிய ஆணி, விட்டுப்போன சேஸிஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாகப் போட்டார். கீழே, "ஓட்டத் தகுதியில்லை, உதிரி பாகங்களுக்கு மட்டும்," என்று எழுதினார். ஐந்து வாரம் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒருவர் வந்து விளக்குகளையும் இரண்டு கதவையும் கழற்றிக்கொண்டு போனார். இன்னொருவர் எஞ்சினை எடுத்தார். மிச்சம் எடைக்குப் போயிற்று. கதவைக் கழற்றும்போது மனைவி அங்கே ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "போலாம்," என்று எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கார் பார்த்துச் சொல்லவில்லை. படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. "கண்ணு சரியில்லை," என்று பதில் அனுப்பினார். துறைமுகத்து இளைஞர் ஒரு தடவை வீடு தேடி வந்து, ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டுப் பார்த்தார். டீ கொடுத்து அனுப்பினார்.

ஒருநாள் மனைவி அவரைப் பார்த்து, "தலைமுடி காதை மூடுது. சாமியார் மாதிரி இருக்கீங்க. இப்படியே எத்தனை நாள்?" என்றாள்.

மச்சினன் கத்திரி பிடிக்கக் கற்ற நாளிலிருந்து அவர் வேறு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. அவன் கடை இருந்த தெருவுக்குப் போகாமல், எதிர்த் திசையில் நடந்து, பெரிய சாலையில் ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்தார். முன்பின் தெரியாத ஓர் ஆள் அவரை உட்காரவைத்து, துணியைக் கழுத்தில் கட்டி, "எப்படி வெட்டணும் சார்?" என்று கேட்டார்.

 முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"சார்?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்தாள். கையை நீட்டி, பிடரியில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டாள்.

"ரொம்பக் குட்டையா வெட்டிட்டான்," என்றாள்.